கேட்காத ஒரு குடம் தண்ணீர்

"சாப்பாட்டுக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க, அதச் செய்யறேன்" என்று கேட்டாள் சூர்யகலா.

"நீ இன்னா செய்யறியோ அது" என்றான் இருசப்பன்.

"களியா, சோறா?"

"எதுனா ஒன்னு."

"கொழம்பு?"

"அதுவும் எதுனா ஒன்னு. எனக்குக் கேட்டுப் பழக்கமில்ல கலா. தட்டுல இருக்கறதத் துன்னுட்டு எழுந்து போறவன் நான்."

"கட்டுன பொண்டாட்டிகிட்ட கேட்டா கொறஞ்சா பூடுவீங்க?"

அவன் சிரித்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினான். படி தாண்டிப் போகிறவனின் முதுகைப் பார்த்து அவள் சொன்னாள், "ஒரு நாளு கேப்பீங்க. அன்னிக்கு நான் நல்லா யோசிச்சுத்தான் பதில் சொல்லுவேன்."

கல்யாணமாகி நாலாம் நாள் நடந்த பேச்சு இது. பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. அந்த ஒரு நாள் மட்டும் இன்னும் வரவில்லை.

தாகம் எடுத்தால் அவனே எழுந்து போய் மொண்டு குடிப்பான். காய்ச்சல் என்றால் யாரிடமும் சொல்லாமல் மரக்காணம் ஆஸ்பத்திரிக்கு நடந்து போய் ஊசி போட்டுக்கொண்டு வருவான். வீட்டில் உட்கார்ந்து கையைத் தேய்த்துவிடும்போதுதான் அவளுக்கே தெரியும். அதே ஆளிடம் ஊரில் எவர் எது கேட்டாலும் இல்லை என்ற சொல் வராது. பிரசவ வலி என்று கதவைத் தட்டினால், உப்பு ஏற்றுகிற வண்டியைக் கழுவி, பாய் விரித்து, தலையணையும் போட்டுக் கூட்டிப் போவான். 'கொடுக்கத் தெரிஞ்ச கைக்கு நீட்டத் தெரியல, உங்கப்பாவுக்கு' என்று திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிற மகள் கீதாஞ்சலியிடம் சூர்யகலா அடிக்கடி போனில் சொல்வாள். 'நீ பழக்கி வெச்சது அப்பிடி' என்பாள் மகள். அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

அப்படிப்பட்டவன் இந்தச் சித்திரையில் ஒரு புதுக் குறை சொல்ல ஆரம்பித்தான். தன்னைப் பற்றி இல்லை, வண்டியைப் பற்றி.

"வண்டி இழுக்கல கலா. காத்து அடைக்குது."

வண்டி என்றால் ஊரெல்லாம் குட்டி யானை என்று கூப்பிடுகிற சின்ன லோடு வண்டி. பதினாலு வயசிலிருந்து பதினாறு வருஷம் உப்பு வாரியவன், பாத்தியை விட்டுக் கரையேறி, வங்கிக் கடனில் வாங்கியது. விடிவதற்கு முன்பே உப்பளத்தில் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் வெள்ளை உப்பும் வெள்ளை வெளிச்சமும் சேர்ந்து கண்ணைக் குத்தும் என்பதால், எல்லாமே பதினோரு மணிக்குள் முடிய வேண்டிய வேலை. ஆம்பளைகள் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வரப்போரம் ஒதுக்குவார்கள். சூர்யகலாவும் மற்றப் பெண்களும் கூடையில் சுமந்து போய் மேட்டில் கொட்டுவார்கள். அங்கே மூட்டை பிடித்துத் தைத்ததும் இருசப்பனின் வண்டி ஏற்றிக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் இருக்கும் குடோனுக்குப் போகும். முன்பெல்லாம் பதினோரு மணிக்குள் நாலு நடை அடிப்பான். இந்த வருஷம் ரெண்டு நடை முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடுகிறது.

குடோனைப் பார்த்துக்கொள்ளும் பக்தவச்சலம் கெட்ட மனுஷர் இல்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. வைகாசி பிறப்பதற்குள் வண்டியைச் சரி பண்ணிக்கொள் என்றும், பண்ணாவிட்டால் கூனிமேட்டு வண்டி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் இருசப்பனைச் சுட்டது. கோடையில் ஓடினால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியெல்லாம் ஏரியாகக் கிடக்கும்போது அடுப்பு எரியும். நடுவில் வேறு வண்டி புகுந்துவிட்டால் அப்புறம் அது வெளியே போகாது.

வண்டி ஏன் இழுக்கவில்லை என்பதற்கு மெக்கானிக் கௌதமன் ஒரு காரணம் சொன்னான். கௌதமன் சூர்யகலாவின் சித்தி மகன், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டிருக்கிறான். எஞ்சின் இழுக்கிற காற்றைச் சலித்து அனுப்புகிறது ஏர் ஃபில்டர். உப்பளத்து மண்பாதையில் வண்டி போனால் மஞ்சள்தூள் மாதிரிப் புழுதி எழும்பும், அதோடு உப்பு ஈரமும் கலந்து ஃபில்டரை அப்பிக்கொள்ளும். கம்பெனி ஃபில்டர் போட்டு, டவுனில் ஓட்டுகிறவன் மாற்றுவதை விடச் சீக்கிரமாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றான்.

"கம்பெனி சாமான் வெலையில வெளி சாமான் ரெண்டு வாங்கலாமேடா" என்றான் இருசப்பன்.

"வாங்கலாம் மாமா. அக்காவுக்குப் பதிலா ரெண்டு பேரக் கட்டியிருக்கலாம். கட்டுனீங்களா?"

சூர்யகலா கையில் கிடைத்த எண்ணெய்த் துணியை அவன் மேல் எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை குடோன் லீவு. கோட்டக்குப்பத்தில் நூருல்லா பாய் கடைக்குப் போய் எல்லாவற்றையும் நேரில் பார்த்து வாங்குவது என்று முடிவானது. சூர்யகலாவும் கூடப் போனாள். அவளுக்கு ஃபில்டரில் அக்கறை ஒன்றுமில்லை. புருஷனோடு முன் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கடல் காற்று முகத்தில் அடிக்கப் போய் எத்தனை மாசமாயிற்று.

ஆனால் அன்றைய பயணம் பழையபடி இல்லை. பழைய இருசப்பன் ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, எதிரே வருகிறவனையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவான். இன்று ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, முன்னால் போன பாண்டிச்சேரி பஸ்ஸின் பின்னாலேயே போனான். பஸ் நின்றால் நின்றான், நகர்ந்தால் நகர்ந்தான். அனுமந்தை தாண்டி ஒரு இடத்தில் ரோட்டின் குறுக்கே போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். மஞ்சள் தடுப்பு, தூரத்திலிருந்தே தெரிகிறது. பஸ் வளைந்து போன பிறகு, கிட்டே வந்து சடாரென்று பிரேக் போட்டான். அவள் கை டேஷ்போர்டில் மோதியது.

"எங்க வெக்கிறதுன்னே தெரியாம வெக்கிறானுங்க" என்றான்.

வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடை ஜும்மாவுக்காகச் சாத்தியிருந்தது. வண்டியை வேப்ப மர நிழலில் போட்டுவிட்டு, அவள் கட்டி வந்த எலுமிச்சை சோற்றையும் சுட்ட கருவாட்டையும் சாப்பிட்டார்கள். தொழுகை முடிந்து நூருல்லா பாய் தொப்பியைக் கழற்றாமலே வந்து ஷட்டரைத் தூக்கினார். கண்ணாடி மேசை மேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

பாய் வியாபாரிதான், ஆனாலும் நியாயமாகப் பேசினார். முதலாவது கம்பெனி சாமான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், வண்டிக்கென்றே அளவெடுத்தது. ஆனால் காகிதம், கழுவக் கூடாது, அடைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ரெண்டாவது வெளி சாமான், அதுவும் காகிதம், விலை பாதி. ஓரத்து ரப்பர் அத்தனை ஒழுங்காக உட்காராது, இடுக்கு வழியாகப் புழுதி உள்ளே போகும். டவுனுக்குள் ஓடுகிறவனுக்குப் பரவாயில்லை, உப்பளத்துக்காரனுக்கு நான் கொடுக்க மாட்டேன் என்று அந்தப் பெட்டியை அவரே ஓரமாகத் தள்ளிவிட்டார். மூன்றாவது, சிவப்புத் துணி மடிப்பு மடிப்பாக வைத்த ஃபில்டர். அதுவும் வெளி சாமான்தான், ஆனால் கழுவிக் கழுவிப் போடலாம்.

"எம் பையன் துபாய்ல இருக்கான்ல, அங்க மணல்ல ஓடற வண்டிக்குப் பல பேரு இதத்தான் போடறாங்கன்னு சொன்னான். ஆனா ஒரு கண்டிஷன் இருக்குது தம்பி. நல்ல தண்ணியில அலசணும். நெழல்ல காய வெக்கணும். காஞ்சதுக்கப்பறம் இந்த எண்ணெய மேலாப்புல தடவணும். ஒழுங்கா செஞ்சா ராஜா. செய்யலன்னா கம்பெனி சாமானே தேவலாம். எல்லாம் இதுலயே போட்டிருக்குது, படிச்சிப் பாருங்க."

இருசப்பன் பெட்டியை வாங்கிக் கையை நீட்டிப் பார்த்தான். அப்புறம் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். திருப்பினான். படித்தவன் மாதிரித் தலையாட்டிவிட்டு, "நீ பத்திரமா வெச்சிக்க" என்று அவளிடம் கொடுத்தான்.

"எது எடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"இதான். ஒரு தரம் வாங்கிட்டா முடிஞ்சிச்சு. அப்பறம் எவன் கடையிலயும் போயி நிக்க வேணாம் பாரு. நம்ம வேலைய நாமளே செஞ்சிக்கலாம்."

ஃபில்டர் வாங்குவதில் கூட இந்த மனுஷனுக்கு அதே குணம்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். அவள் அப்போது வேறெதையும் நினைக்கவில்லை.

புது ஃபில்டர் போட்டும் நடை கூடவில்லை. பத்து நாள் கழித்து, புழுதி அப்பியிருக்கும், கழுவ வேண்டும் என்றான் இருசப்பன்.

இங்கேதான் அந்தக் கரையோரத்துச் சங்கடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். பாத்திரம் விளக்க, குளிக்க எல்லாம் அதுதான். குடிக்கிற நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரு மணி நேரம் தெருக்குழாயில் வரும். வீட்டுக்கு ஆறு குடம். அந்த ஆறு குடத்தையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவள் சூர்யகலா. ஃபில்டரை அலச ஒரு குடம் வேண்டும் என்று அவன் கேட்டிருந்தால், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்திருப்பாள். அவன் கேட்கவில்லை.

அன்று கூடையோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தவள், தூரத்தில் வாய்க்காலோரம் அவன் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பாத்திக்குப் பாய்ச்சுகிற கெட்டியான உப்பு நீர் ஓடும் வாய்க்கால் அது. பக்கத்தில் சோப்புத் தூள் பொட்டலம். எவ்வளவு தேய்த்தும் நுரையே வராமல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் வந்த வேலம்மாள் கேட்டாள், "உன் வூட்டுக்காரரு வாய்க்கால்ல இன்னாத்த தொவைக்கிறாரு? உன் பொடவையா?"

"ஆமா, நேத்து உன் புருசன் என் பொடவைய நல்லா தொவைக்கலன்னு சொன்னேன், இவரு எடுத்துக்கினாரு."

வரப்பு முழுக்கச் சிரிப்பு ஓடியது. தலையில் கூடை ஆட, ஒருத்திக்கு ஒருத்தி தொற்றிக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் அதை மறந்தே போனாள்.

கழுவினது வரப்பு மேலேயே வெயிலில் காய்ந்தது. மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வைத்து அவன் அதை ஊதினான், தட்டினான், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"பளிச்சினு ஆயிடுச்சு பாரு" என்றான். அவள் தூக்குச் சட்டியை மூடிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய் தடவி, வண்டியில் மாட்டிக்கொண்டு போனான்.

அன்று ரேஷன் கடைக்குப் போக வேண்டியிருந்ததால், ரெண்டாவது நடைக்கு அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் வண்டி இருமியது. பின்னால் கரும்புகை. முழு லோடோடு முக்கி முனகி, கௌதமன் கொட்டகைக்கு எதிரிலேயே வந்து நின்றுவிட்டது, வீடு தெரிந்த மாடு மாதிரி.

கௌதமன் மூடியைக் கழற்றி ஃபில்டரை எடுத்தான். அதைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சிவப்புத் துணியின் மடிப்புக்கு மடிப்பு, எண்ணெயையும் மீறி, வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. சின்னச் சின்னக் கட்டம் கட்டமாக, பாத்தியில் விளைகிற மாதிரியே.

"மாமா, நீங்க பாத்தியை உட்டாலும் பாத்தி உங்கள உடாது போல. இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தா மூட்டையே புடிச்சிருக்கலாம்."

டீக்கடையில் நின்றவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்து, முதல் தரம் என்று சான்றிதழ் கொடுத்தார். இருசப்பனும் சிரித்தான். எல்லோரையும் விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

சூர்யகலாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாய்க்கால் தண்ணீரில் கழுவினது தப்புதான், அவசரத்தில் யாரும் செய்யலாம். அது இல்லை அவளை உறுத்தியது. இந்த மனுஷன் பாத்திக் கரையில் நின்று, தண்ணீர் மேல் ஆடை மாதிரி உப்பு கட்டத் தொடங்குவதை இருபது அடி தூரத்திலிருந்தே பார்த்து, 'பூத்துடுச்சு, நாளைக்கு வாரலாம்' என்று சொல்கிறவன். பக்கத்துப் பாத்திக்காரர்கள் வந்து இவனைக் கூட்டிப் போய்க் காட்டிக் கேட்பார்கள். அந்தக் கண், கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புத் துணி மேல் பூத்த வெள்ளை உப்பைக் காலையில் பார்த்துவிட்டு, பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது.

பஸ்ஸின் பின்னாலேயே போனது, தடுப்புக்குக் கிட்டே வந்து பிரேக் போட்டது, பெட்டியைத் தள்ளிப் பிடித்துக் கிட்டே பிடித்தது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவளுக்கு இப்போதுதான் வந்தன. போன மாசம் மீனில் முள் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவி அவன் சாப்பிட்டதும் வந்தது.

கௌதமன் வேறு ஒரு வண்டிக்காக வாங்கி வைத்திருந்த கம்பெனி ஃபில்டரை மாட்டினான். அந்த முழு லோடோடு தானே ஓட்டிக்கொண்டு கால்வாய்ப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். "பறக்குதுக்கா. இந்த எஞ்சினுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றான். கழற்றிய சிவப்பு ஃபில்டரை ஒரு பையில் போட்டு அக்காவிடம் கொடுத்தான்.

அங்கிருந்து குடோனுக்கு ஆறு கிலோமீட்டர். பறக்கிற வண்டி ஊர்ந்தது. மீன் கூடை வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போன ஒரு பெண் கூட அவர்களைத் தாண்டிப் போனாள். சூர்யகலா குனிந்து அவன் காலைப் பார்த்தாள். ஆக்சிலேட்டர் மேல் கால், தூங்குகிற குழந்தை மேல் வைத்த மாதிரி, பட்டும் படாமலும் இருந்தது.

"இந்த ஃபில்டரும் சரியில்ல போல" என்றான் இருசப்பன்.

"ம்" என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றும் மறுநாளும் அவள் அதையே யோசித்தாள். சொல்லிவிடலாம். சொன்னால், 'எனக்கு ஒன்னுமில்ல' என்பான். அதை நிரூபிக்க இன்னும் வேகமாக ஓட்டுவான். தெரியாமலா மறைக்கிறான்? அவன் பயம் என்னவென்று அவளுக்குத் தெரியும். வீட்டின் பின்பக்கத் தூணிலிருந்து கொல்லைக் கழிப்பறை வரை நீல நைலான் கயிறு ஒன்று கட்டியிருக்கிறது. இப்போது அதில் துணி காய்கிறது. கட்டியது துணிக்காக இல்லை. அவளுடைய மாமனார் முப்பது வருஷம் உப்பு வாரி, கடைசி எட்டு வருஷம் பார்வை இல்லாமல் இருந்தவர். பிள்ளையை எத்தனை தரம் கூப்பிடுவது என்று அவரே கட்டச் சொன்ன கயிறு அது. அதைப் பிடித்துக்கொண்டு போய் வருவார். ஆஸ்பத்திரிக்கு வாப்பா என்று மகன் கெஞ்சியபோதெல்லாம், இனிமே இன்னாத்துக்கு என்று தட்டிக் கழித்தார். அவர் போன பிறகு அந்தக் கயிற்றை அவிழ்க்க இருசப்பன் சம்மதிக்கவில்லை.

கேட்காமல் இருப்பது அந்த வீட்டு ஆண்களுக்கு அப்பன் பாட்டன் சொத்து. அதை அவளாகப் பிடுங்க முடியாது. ஆனால் கதவைத் திறந்து வைக்கலாம்.

குழாயில் தண்ணீர் வருகிற நாள் வந்தது. அந்த நாட்களில் மட்டும் பெண்கள் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் உப்பளத்துக்குப் போவார்கள். வரிசையில் நின்று ஆறு குடம் பிடித்தாள். வீட்டுக்கு வந்து, ஆறாவது குடத்தை அப்படியே பிளாஸ்டிக் தொட்டியில் கவிழ்த்து, அதில் அந்தச் சிவப்பு ஃபில்டரைப் போட்டு, வண்டிக்குப் பக்கத்தில் வேப்ப நிழலில் வைத்தாள். பக்கத்தில் முறத்தைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

விடிந்து வெளிச்சம் பரவியிருந்தது. முதல் நடைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. இருசப்பன் சாவியோடு வெளியே வந்தான். தொட்டி காலில் இடித்ததும்தான் நின்றான்.

"இது இன்னாது?"

"நல்ல தண்ணி. ஃபில்டர ஊற வெச்சிருக்கேன்."

"குடிக்கிற தண்ணியவா?"

"ஆமா. நீங்க கேக்கல. நானா குடுத்தேன்."

அவன் குந்தி உட்கார்ந்தான். தண்ணீருக்குள் கையை விட்டு ஃபில்டரின் மடிப்பை விரலால் தடவினான். கரையாமல் மிச்சமிருந்த உப்பு மணல் மணலாக விரலில் ஒட்டியது. விரலை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். அப்புறம் நாக்கில் வைத்தான்.

மறுபடி தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"இவ்ளோ உப்பா இருந்துச்சு?"

"மடிப்புக்கு மடிப்பு."

"எல்லாருக்கும் தெரிஞ்சிச்சா?"

"டீ குடிக்க வந்தவங்களுக்குக் கூட."

"எனக்குத் தெரியல கலா." சொல்லிவிட்டு, அதைச் சொன்னது யார் என்று தேடுகிறவன் போலக் கையைப் பார்த்தான். "சிவப்பா மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. அதுவும் பொகை மூட்டமாட்டம்."

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அரிசியில் கல்லே இல்லை. இருந்தும் விரல் பொறுக்கிக்கொண்டே இருந்தது.

"வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றான்.

"தெரியும்."

"எப்ப தெரிஞ்சிச்சு?"

"அன்னிக்கு கௌதமன் ஓட்டிப் பாத்தான்ல. அப்ப."

"அப்ப ஏன் நீ கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவன் தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே பேசினான். பேச்சு துண்டு துண்டாக வந்தது. தை மாசத்திலிருந்தே இப்படித்தானாம். வெயில் ஏறினால் ரோடே வெள்ளையாகிவிடுகிறதாம். எதிரே வருகிற வண்டியின் லைட் பூ மாதிரி விரிந்துகொள்கிறதாம். முதலில் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தானாம். அப்புறம் வண்டிதான் சரியில்லை என்று நினைத்தானாம். நினைத்தான் என்பதை விட, அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டானாம்.

"எங்கப்பாவும் மொதல்ல இதேதான் சொன்னாரு. லைட்டு பூவா விரியுதுடா இருசான்னாரு."

அவன் முகம் தானாகக் கொல்லைப் பக்கம் திரும்பியது. கயிற்றில் அவளுடைய மஞ்சள் புடவை காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. அது அவனுக்கு எப்படித் தெரிகிறது என்று யோசித்தபோது சூர்யகலாவின் கை முறத்தின் மேல் நின்றுவிட்டது.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. பக்தவச்சலம்தான். முதல் நடைக்கு மூட்டை தயாராகியிருக்கும். இருசப்பன் கொஞ்சம் அடிக்க விட்டு, அப்புறம் எடுத்தான்.

"ஐயா... இன்னிக்கு வண்டி வராதுங்க... இல்லைங்க, வண்டிக்கு ஒன்னுமில்ல, வண்டி நல்லா இருக்குது... ஆமாங்க. கூனிமேட்டு வண்டியச் சொல்லிக்கோங்க. நான் வந்து சொல்றேன்."

போனை வைத்துவிட்டு ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். கைவிட்டுப் போன லோடு போனதுதான் என்பது அவளுக்கும் தெரியும். இந்தக் கோடையில் இனி அந்தப் பாதையில் வேறு வண்டி ஓடும். ஆனால் அவன் அந்தப் பாதையில் இன்றைக்கு ஓட்டப் போவதில்லை என்பதே அவளுக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

சாவி அவன் உள்ளங்கையில் இருந்தது. அதை ஒரு முறை மூடி, ஒரு முறை திறந்தான். தொட்டிக்கு இந்தப் பக்கம் நகர்ந்து வந்து, அவள் முறத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவள் காத்திருந்தாள். தெருக்குழாயில் கடைசித் தண்ணீர் காற்றோடு சேர்ந்து கரகரத்து நின்றது. வேலம்மாள் கூடையோடு தெருவில் போகிறவள், கிளம்பலையா என்று குரல் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள். இருசப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஏதோ சொல்ல வந்து, நிறுத்தி, தரையைப் பார்த்தான். கல்யாணமான புதிதில் கூட அவனை அவள் இப்படிப் பார்த்ததில்லை, முதல் தரம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி.

"கலா."

"சொல்லுங்க."

"எனக்கு பயமா இருக்குது. தனியா போவ முடியாது." அவன் கை துழாவி வந்து, முறத்தின் விளிம்பில் இருந்த அவள் கையைக் கண்டுபிடித்தது. "கண்ணாஸ்பத்திரிக்கு என்ன இட்டுக்கினு போறியா?"